அடுக்குப் பிளவு

மூங்கிலை நெடுக்கே பிளப்பதற்கு ஓர் அரிவாளும் சிறு தட்டுமே போதும். குறுக்கே துணிப்பதற்கோ மிக்க வலிமை வேண்டும். நெடுக்கே ஓடும் நார்கள் வன்மையுடையன. அவற்றைப் பிணைத்து நிற்கும் பொருளோ மென்மையுடையது. இவ்வியல்பே இக்காலத்து வானூர்திகளில் வழங்கும் கரியிழைப் பலகைகளிலும் காணப்படுகின்றது.

கரியிழைகளைப் பிசினில் தோய்த்து மெல்லிய தாள்களாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல திசைகளில் அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் ஊட்டி இறுகச் செய்வர். சுமையை இழைகள் தாங்கும். தாளுக்கும் தாளுக்கும் இடையிலோ பிசின் ஒன்றே உண்டு. ஆங்குத் தோன்றும் பிரிவையே அடுக்குப் பிளவு என்கின்றோம். பணிசெய்வோர் கைதவறி வீழ்ந்த கருவி, துளையிடுங்கால் நேரும் பிழை, பிசினில் தங்கிய காற்றுக்குமிழி ஆகிய இவை அதற்கு வித்தாகும். மேற்புறத்தில் வடுவொன்றும் தோன்றாதிருக்க உள்ளே பிளவு பரவுதலும் உண்டு. பிரிந்த தாள்கள் மெல்லியன ஆதலின், நெருக்கும் சுமை வருங்கால் எளிதில் நெளிந்து கெடும்.

இதற்கு இனமான நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 1999-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு அலபாமாவிலுள்ள மார்ஷல் விண்வெளி நிலையத்தில், எக்ஸ்-33 என்னும் ஊர்திக்குரிய கரியிழைத் தொட்டியைச் சோதித்தனர். அதன் சுவர், இரண்டு தோல்களுக்கிடையே தேன்கூடு போன்ற அறைகளை உடையது. சுழிக்குக் கீழ் 253 பாகை செல்சியஸ் குளிருடைய திரவ ஹைட்ரஜனை நிரப்பியபோது தொட்டி தாங்கிற்று. வடித்த பின்னரே வெளித்தோல் பெயர்ந்தது. காரணம் யாதெனின், உட்புறத் தோலில் நுண்ணிய வெடிப்புக்கள் உண்டாயின. அவற்றின் வழியே ஹைட்ரஜன் அறைகளுட் புகுந்தது. தொட்டி வெப்பமடையவே, உட்புகுந்த வாயு விரிந்து தோலை நெட்டித் தள்ளியது. ஒட்டின் வலிமைக் குறைவும் அதற்குத் துணைநின்றது. 2001-ஆம் ஆண்டில் அத்திட்டமே கைவிடப்பட்டது.

சந்தையிற் பானை வாங்குவோர் விரலால் தட்டி ஓசை கேட்பர். வானூர்திப் பணிமனையிலும் நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிக் கேட்கும் வழக்கம் உண்டு. நல்லிடம் கணீரென ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஆழத்திலுள்ள பிளவை அறியச் செவிக்கெட்டா ஒலியலைகளைச் செலுத்துவர். கண்டபின் சிறு பிளவைச் செப்பனிடுதல் இயலும். காணாது விட்டதே கேடு விளைப்பது. ஆகவே, வானிற் செல்வோர் உயிர் இழையின் வன்மையை மட்டுமன்றி, இடைநின்ற பிசினையும், அதனைத் தட்டித் தட்டி ஆராயும் ஒருவரது பொறுமையையும் சார்ந்துள்ளது என்பதை நாம் உணர்வோமாக.