டிராக்டர் திடீரெனக் கிளம்பாவிடில் செய்யத்தக்கவை

திண்டுக்கல் ஜில்லாவில் வேடசந்தூர், குஜிலியம்பாறை முதலிய மானாவாரிப் பகுதிகளில் மழை பெய்து ஓய்ந்தபின் செம்மண் நிலம் உழவுக்கேற்ற பதத்தில் இருப்பது சில தினங்களே. அச்சமயத்தில் சங்கத்தின் சேவை மையத்து டிராக்டரை வாடகைக்குப் பேசி வைத்திருக்கும் அங்கத்தினர் பலர் ஒருவர்பின் ஒருவராகக் காத்திருப்பர். அன்று காலை யந்திரம் கிளம்பவில்லையெனில், கடைசியாகக் காத்திருப்பவரின் விதை காய்ந்த மண்ணிலேதான் விழும். ஆகவே இவ்விஷயம் டிரைவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

இத்தகைய வேளையில் பலர் செய்வது, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பாட்டரியைத் தீர்த்துவிடுவதும், பின்னர் மெக்கானிக்கை அழைத்துப் புது ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டச் சொல்வதுமே. பாட்டரித் தலையில் படிந்த உப்பைச் சுரண்டினால் தீரக்கூடிய கோளாறுக்குச் சங்கத்தின் பணம் இவ்வாறு விரயமாகலாம். சாமானை மாற்றுமுன் கோளாறு எப்பக்கத்தில் உள்ளது என்று நிச்சயித்துக்கொள்ளல் அவசியம். அதற்கு வேண்டுவது ஒரு முறை சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்பதேயாகும். என்ஜின் சுழலவே இல்லையெனில் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கும். நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையெனில் பெரும்பாலும் டீசலிலோ காற்றிலோ இருக்கும்.

இம்முறை புதிதன்று. 1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது, மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனியார் மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் யந்திரங்களைத் தயாரித்தனர். அத்தகைய வாயுவால் ஓடும் வண்டிகளில் கரியை மூட்டி, விசிறியால் ஊதி, வெளிவரும் வாயுவுக்கு நெருப்பு வைத்துப் பார்ப்பது வழக்கம். அது நின்று எரிந்தால்தான் வாயு பக்குவமாயிற்று என்று பொருள். அதன் பின்னரே என்ஜினைச் சுழற்றுவர். எரியாத வாயுவை வைத்துக்கொண்டு என்ஜினைப் பழிப்பதில் பயன் என்ன?

முதலில் சுழலாத யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தற்கால டிராக்டர்கள் பலவற்றில் கியர் நியூட்ரலில் இல்லாவிடினும், கிளட்சு முழுதும் மிதிக்கப்படாவிடினும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லாதபடி தடை உண்டு. இதை மறந்து அரை நாளைக் கழித்தவர்களும் உண்டு. இது சரியாயிருப்பின் முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ பாட்டரி வலுவிழந்திருக்கும். அல்லது அதன் இணைப்பு தளர்ந்தோ உப்புப் படிந்தோ இருக்கும். ‘டக், டக்’ என்ற ஒலி தொடர்ந்து எழுவதும் இதற்கே அடையாளம். விளக்கு சற்றும் மங்காமல் எரிந்து, ஸ்டார்ட்டர் மௌனமாயிருப்பின், மின்சாரம் அதனிடம் சென்று சேரவில்லை என்றறிந்து பியூஸ், சாவி ஸ்விட்சு, மேற்சொன்ன தடை ஸ்விட்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பாட்டரித் தலைகளைச் சுத்தம் செய்கையில் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, கம்பிகளை இறுக்கி, வாஸ்லைன் தடவுக. சோடா நீர் பாட்டரிக்குள் இறங்கலாகாது. பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவருமாதலால் பீடி பிடிப்பவரைத் தூர நிறுத்துக. பன்னிரண்டு வோல்ட் பாட்டரி நன்னிலையில், ஓய்ந்திருக்கும்போது, சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. சிலர் தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்து யந்திரத்தைக் கிளப்புகின்றனர். இது தடைகளையெல்லாம் கடந்து செல்லும் வழி. கியரில் இருக்கும் டிராக்டர் அக்கணமே நகர்ந்து, பெரிய சக்கரம் அம்மனிதன்மீது ஏறிவிடும. பிற தேசங்களிலும் இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. எவ்வளவு அவசரமாயினும் சங்கம் இதை அநுமதிக்கலாகாது.

இனி, சுழன்றும் பற்றாத யந்திரம். டீசல் என்ஜினில் பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டுத் தானே பற்றுகிறது. புகைபோக்கியைக் கவனிக்க. சுழலும்போது சிறிதும் புகை வரவில்லையெனில் டீசல் உள்ளே போய்ச் சேரவில்லை. வெண்புகை வருமாயின் டீசல் சேர்ந்தும் எரியவில்லை. குளிரோ, மந்தமான சுழற்சியோ, அழுத்தக் குறைவோ காரணமாகலாம். இதில் அழுத்தக் குறைவு மெக்கானிக்கின் வேலை.

புகையே இல்லாவிடத்து, நிறுத்தும் இழுப்பான் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, தொட்டியில் டீசல் உள்ளதா, குழாய் திறந்துள்ளதா என்று பார்த்தபின், ‘ஏர் பிடித்திருக்கிறதா’ என்று பார்க்க வேண்டும். தொட்டி ஒரு முறை வறண்டுவிட்டால் குழாயில் காற்று புகுந்து டீசலை மறிக்கும். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையாக வரும். குமிழியற்ற டீசல் வந்ததும் திருகை இறுக்குக. பம்பின் வாயிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்க. பம்பிலிருந்து நாஸிலுக்குச் செல்லும் குழாய்களில் மட்டும் கைவைக்கலாகாது. அங்குள்ள அழுத்தத்தில் மெல்லிய டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டியதாகும். மின்னணுவால் இயங்கும் பம்புள்ள புதிய வண்டிகளுக்குக் கையேட்டில் கண்டபடியே செய்க.

எந்நிலையிலும் ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், நடுவே ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லையெனில் அதன் சுருள்கள் கருகி, இல்லாத கோளாறும் வந்துசேரும்.

சங்கத்தின் டிராக்டர் ரிஜிஸ்தரில் ஓடிய மணியும் வாடகையும் எழுதுவதோடு, கிளம்பாத நாளில் கேட்ட ஒலி, விளக்கின் நிலை, புகையின் நிறம், செய்த பரிகாரம் ஆகியவற்றையும் ஒரு வரியில் குறிக்கலாம். மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைக்கும்போது அவ்வரியை வாசித்தாலே, அவர் எந்தச் சாமானை எடுத்துவர வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.