கணக்கு முடித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி கிராஜுவிட்டி கிடைக்குமா?

கேள்வி: வக்கீல் ஐயா, திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் 2009 ஜூன் முதல் தேதி சேலை செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். நாற்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் கடை. முழங்கால் வலியால் நாள் முழுக்க நிற்க முடியாமல் 2024 பிப்ரவரி கடைசியில் நானாகவே நின்றுவிட்டேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 13,000 ரூபாய். நிற்கும்போது முதலாளி அண்ணாச்சி 20,000 ரூபாய் கையில் கொடுத்து, ‘கணக்கு முடிந்தது, இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிராஜுவிட்டி வரும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதால் போய்க் கேட்டேன். “நீயா விட்டுட்டுப் போனதுக்கு என்ன கிராஜுவிட்டி? உன் பேரு ரிஜிஸ்டர்ல ஏறினதே 2016 ஏப்ரல்லதான்” என்கிறார். பி.எஃப். பிடித்தது அப்போதிருந்துதான், அதற்கு முன்பு சம்பளம் கவரில் வரும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எதுவும் தந்ததில்லை. 2024 ஜூலையிலிருந்து ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறேன், அங்கும் பி.எஃப். உண்டு. பழைய பி.எஃப். பணத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) வழங்கல் சட்டம், 1972-இன் 14-ஆவது பிரிவு, அந்தச் சட்டத்துக்கு முரணான எந்த ஒப்பந்தமும் எந்த ஆவணமும் செல்லாது என்கிறது. ‘எனக்கு வேண்டாம்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் உங்கள் உரிமை போகாது. அந்த 20,000 ரூபாய் கிராஜுவிட்டிக்காகத் தந்தது என்று தாளில் எழுதியிருந்தால், வர வேண்டிய தொகையில் அதைக் கழிக்கக் கேட்பார்கள். அவ்வளவுதான் அந்தத் தாளின் பலம்.

நீங்களாக நின்றதும் தடை இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. மறுப்பதற்கு, திருட்டு, அடிதடி, கடைக்கு வேண்டுமென்றே நஷ்டம் உண்டாக்கியது போன்ற காரணத்துக்காக உங்களை வேலையிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். முழங்கால் வலி அந்தப் பட்டியலில் வராது. (கடைகளில் ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தாயிற்று. ஸ்டூல்தான் பல கடைகளுக்கு இன்னும் வந்தபாடில்லை.)

2025 நவம்பர் 21 முதல் பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. உங்கள் உரிமை 2024-இல் நீங்கள் வேலையை விட்ட அன்றே பிறந்துவிட்டதால் பழைய சட்டத்தின்படியே பேசுகிறேன்.

கணக்குக்கு வருவோம். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 13,000 என்றால் வருடத்துக்கு 7,500 ரூபாய். உங்கள் சர்வீஸ் 14 வருடம் 9 மாதம். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு வருடமாக எண்ணப்படும் என்பதால் 15 வருடம். ஆக 1,12,500 ரூபாய். சம்பளச் சீட்டு கொடுத்திருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே இதில் சேரும். வீட்டு வாடகைப்படி என்று தனியாகப் பிரித்துப் போட்டிருந்தால் தொகை குறையும். முப்பது நாளுக்குள் தராத பணத்துக்கு வருடத்துக்கு 10 சதவீதத் தனிவட்டியும் உண்டு.

அண்ணாச்சி சொல்கிறபடி 2016-லிருந்து எண்ணினால் எட்டு வருடக் கணக்குதான், 60,000 ரூபாய். அவர் மறுப்பதில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பி.எஃப். பிடிக்க ஆரம்பித்த தேதி வேலையில் சேர்ந்த தேதி ஆகாது. ஆனால் ‘நான் 2009-இல் சேர்ந்தேன்’ என்று நீங்கள் வாயால் சொல்வது மட்டும் போதாது. வேலை பார்த்ததைக் காட்டும் முதல் பொறுப்பு தொழிலாளி மீதுதான். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடுங்கள். பெயரும் மாதமும் ‘26 நாள், அட்வான்ஸ் போக’ என்று பேனாவால் எழுதிய பழைய சம்பளக் கவர் ஒன்று கிடைத்தாலும் பெரிது. இ.எஸ்.ஐ. அட்டை, கடை அடையாள அட்டை, யூனிஃபார்ம் சேலையில் ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோ, மகளின் பள்ளி விண்ணப்பத்தில் தாயின் வேலை என்று எழுதிய இடம், கடன் வாங்கும்போது கடை தந்த சம்பளச் சான்று என எதையும் தள்ள வேண்டாம். 2009-க்கும் 2016-க்கும் இடையில் உங்களோடு நின்றவர்களில் இப்போது அந்தக் கடையில் இல்லாத இருவர் சாட்சி சொல்ல வந்தால் நல்லது. அங்கேயே இருப்பவர்களைக் கூப்பிட்டு அவர்கள் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். பயத்தில் மாற்றிச் சொல்லவும் கூடும். இவ்வளவும் வைத்துவிட்டால், அந்த வருடங்களின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லும்படி வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடம் கேட்கலாம். கொண்டுவராவிட்டால் அது கடைக்கு எதிராகப் போக இடமுண்டு.

நடைமுறை பெரிதில்லை. கிராஜுவிட்டி கேட்கும் ‘படிவம் ஐ’-யை நிரப்பி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, கடைசிச் சம்பளம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் கடைக்கு அனுப்புங்கள். தபால் ரசீதும் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். விட்ட முப்பது நாளுக்குள் தர வேண்டிய படிவம்தான் இது. ஆனால் தாமதம் ஒன்றாலேயே உரிமை செல்லாமல் போகாது. நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுச் சொல்வது முதலாளியின் கடமை. அவர் மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 90 நாளுக்குள், கிராஜுவிட்டி வழக்குகளைப் பார்க்கும் தொழிலாளர் துறை உதவி ஆணையரிடம் மனுப் போடுங்கள். நீங்களே நேரில் வாதாடலாம். எனக்குத் தொழில் நஷ்டம் என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உத்தரவு வந்த பிறகு கடைக்காரர் மேல்முறையீடு போக நினைத்தால் முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அப்படியும் தராவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கலாம்.

தபால் போய்ச் சேர்ந்ததும் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்புவார் என்பது என் கணிப்பு. போய்ப் பேசுங்கள், தவறில்லை. ஆனால் பணம் பேங்க் வழியாக வரட்டும். ரசீதில் ‘15 வருட சர்வீஸுக்கான கிராஜுவிட்டி’ என்ற வார்த்தைகள் இருக்கட்டும். அந்த ரசீது ஏன் முக்கியம் என்பது உங்கள் இரண்டாவது கேள்வியில் தெரியும்.

பி.எஃப். பணத்தை முழுவதுமாக எடுக்க வேண்டாம். நீங்கள் கட்டியதோடு ஒரு பென்ஷன் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 58 வயதில் மாதப் பென்ஷன் வாங்கப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஜவுளிக்கடையில் பி.எஃப். பதிவில் இருப்பது எட்டு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. பென்ஷன் பகுதியை எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் அழிந்து, மருந்துக் கடையில் முதலிலிருந்து எண்ண வேண்டிவரும். அதற்குப் பதில் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு வருடமும் சில மாதங்களும் சேர்ந்தால் பத்தைத் தாண்டிவிடும். கல்லூரிக் கட்டணத்துக்கு பி.எஃப். பகுதியிலிருந்து முன்பணம் எடுக்க வழி இருக்கிறது; அது பென்ஷன் சர்வீஸைத் தொடாது.

2009 முதல் 2016 வரை பி.எஃப். கட்டாததைப் பற்றி பி.எஃப். அலுவலகத்தில் தனியாகப் புகார் தரலாம். இருபது பேருக்கு மேல் உள்ள கடை அப்போதே உங்களைச் சேர்த்திருக்க வேண்டும். நிரூபணமானால் அந்தப் பாக்கியைக் கட்ட வேண்டியவர் முதலாளி. 2009-லிருந்து வேலை பார்த்ததை அவரே ஒப்புக்கொண்ட கிராஜுவிட்டி ரசீதைவிட நல்ல ஆதாரம் அங்கே வேறு கிடைக்காது. ஆகவே கிராஜுவிட்டியை முதலில் முடியுங்கள், புகார் பிறகு. கணக்கை மாற்ற மட்டும் காத்திருக்க வேண்டாம்; இரண்டு கடைகளும் ஒரே பி.எஃப். அடையாள எண்ணில்தான் (யு.ஏ.என்.) பிடித்திருக்கின்றனவா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.