கடைசிச் சோழனை எழுதப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சோழர் வீழ்ச்சியை நாவலாக எழுதுகிறாய் என்றதும் சந்தோஷப்பட்டேன். ராஜராஜனையும் ராஜேந்திரனையும் எழுத நம்மிடம் ஆள் உண்டு. அந்தக் குலத்தின் கடைசிக் காலத்தைத் தொட்டவர்கள் மிகக் குறைவு.

ஆனால் உன் முதல் அத்தியாயத்திலேயே சுந்தரபாண்டியன் தஞ்சைக்குத் தீ வைத்துவிடுகிறான். நன்றாயிருந்த ராஜ்யம் ஒரே ராத்திரியில் சாம்பலாயிற்று என்றுதானே படிப்பவர் நினைப்பார்? பிடித்த நாட்டைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவன் அந்தப் பாண்டியன். தானமாக வாங்கும் நிலைக்குச் சோழன் எப்படி வந்தான் என்பதல்லவா கதை? அதற்கு நீ நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

1117 வாக்கில் கங்கபாடி ஹொய்சளர் கைக்குப் போனது. வேங்கியும் நழுவியது. எல்லையில் நேர்ந்த இழப்புகளைவிட நடுநாட்டு ஊர்களுக்குள் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர்க்காவலுக்காக வாங்கும் பாடிகாவல் வரி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுநிலத் தலைவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. காடவர், சம்புவராயர் போன்றோர் சோழ மன்னன் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்டவர்கள். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) திரிபுவனத்தில் பெருங்கோயில் எழுப்பிய அதே காலத்தில், இந்தத் தலைவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டிவைத்தார்கள். இந்த வருஷம் காவல் வரியை யாரிடம் கட்டுவது என்று விழிக்கும் ஓர் ஊர்க்கணக்கரை வைத்துத் தொடங்கிப் பார். பாண்டியன் படை பிறகு வரட்டும்.

அடுத்தது 1231. சோழருக்குச் சேவகம் செய்தே தலையெடுத்த காடவர் குடியில் வந்த கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் ராஜராஜனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். மீட்க ஹொய்சள நரசிம்மன் படை அனுப்பினான். திருவகீந்திரபுரம் கோயில் கல்வெட்டை வரிவரியாகப் படி. தளபதிகள் ஊர்களை அழித்துக்கொண்டே வருகிறார்கள். நடுவே தில்லைப் பொன்னம்பலத்தைக் கும்பிடுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, மறுபடி ஊர்களைக் கொளுத்துகிறார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும் நேரத்தில் சோழன் விடுவிக்கப்படுகிறான். எரிந்தவை பெயரளவிலாவது அவனுடைய ஊர்கள். கல்வெட்டின் தொடக்கத்திலோ அவன் திரிபுவனச் சக்கரவர்த்தி. ஆண்டுக்கணக்கும் அவன் ஆட்சியாண்டுதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். அதிகாரம் போன பிறகும் பெயர் இப்படி நெடுங்காலம் நின்றிருக்கிறது. உன் நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அவசரப்பட்டுக் கடந்துவிடாதே.

இன்னொன்று. கடைசிச் சோழனான மூன்றாம் ராஜேந்திரனின் கல்வெட்டுகள் 1279-உடன் நின்றுவிடுகின்றன. எப்படி இறந்தான், எங்கே இறந்தான் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. உன் கடைசி அத்தியாயத்துக்காக அவனுக்கு ஒரு போர்க்களச் சாவைக் கற்பித்துக் கொடுத்துவிடாதே, அம்மா.

அன்புடன்,
அண்ணன்