விலக்கப்பட்ட விழா

மகிழ்ச்சியை எல்லாச் சமுதாயங்களும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. ஓரிடத்தார் நல்வாழ்வின் அடையாளமாகப் போற்றும் கொண்டாட்டம் மற்றோரிடத்தார்க்கு வீண்செயலாகத் தோன்றும். ஒரே நாட்டில், ஒரு தலைமுறைக்குள்ளேயே அந்த அளவுகோல் மாறுவதும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்து இதற்குச் சான்றாகும்.

அந்நாளில் அங்குத் தூய்மைவாதிகள் எனப்பட்ட கிறித்தவப் பிரிவினர் செல்வாக்குப் பெற்றிருந்தனர். 1642ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. நாடு துயருற்றிருக்கும் வேளையில் கேளிக்கை பொருந்தாது என்று கூறி, நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூட ஆணையிட்டது. 1647 ஜூன் திங்களில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் முதலிய திருநாள்களும் நீக்கப்பட்டன. கிறிஸ்து பிறந்த நாள் இன்னதென்று விவிலியம் குறிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அந்நாளின் பெயரால் குடியும் சூதும் பெருகின என்பது அவர்கள் மனக்குறை.

ஆயினும் அவர்களை மகிழ்ச்சியின் பகைவர் என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. திருநாள்களை நீக்கிய அவ்வாணையே, மாணவர்க்கும் தொழில் பழகுநர்க்கும் பணியாளர்க்கும் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை ஓய்வு நாளாக வழங்கியது. உழைப்பவர்க்கு இளைப்பாறுதல் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்தே இருந்தனர். ஆட்சித் தலைவர் ஆலிவர் கிராம்வெல் இசையில் ஈடுபாடு மிக்கவர். நாடகத்திற்குத் தடை நீடித்த 1656ஆம் ஆண்டிலேயே, வில்லியம் டாவனன்ட் இசைநாடகம் ஒன்றை அரங்கேற்றினார். பேசினால் குற்றம், பாடினால் குற்றமில்லை போலும்!

எனினும், நாள்காட்டியில் ஒதுக்கித் தரப்பட்ட ஓய்வு, ஊர் கூடிக் கொண்டாடும் விழாவிற்கு ஈடாகவில்லை. 1647 டிசம்பர் 25 அன்று கேண்டர்பரி நகர மேயர் கடைகளைத் திறந்து வணிகம் செய்யுமாறு பணித்தார். மக்கள் சினந்தெழுந்தனர், திறந்திருந்த கடைகளைத் தாக்கினர், வீட்டு வாயில்களில் பசுந்தழைகளைக் கட்டினர், தெருக்களில் பந்து விளையாடினர். கலகத்தின் சினம் அடங்கவில்லை. மறு ஆண்டு அந்தக் கென்ட் மாவட்டமே நாடாளுமன்றத்தை எதிர்த்துக் கிளர்ந்தது.

1660இல் மன்னராட்சி மீண்டது. அரங்குகள் திறக்கப்பட்டன, பெண்களும் தொழில்முறை நடிகையராக மேடையேறினர். ஆனால் கடலுக்கு அப்பால், தூய்மைவாதிகள் குடியேறிய மாசச்சூசெட்ஸில் நிலைமை வேறு. கிறிஸ்துமஸ் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதிக்கும் சட்டம் அங்கு 1659இல்தான் பிறந்தது. 1681 வரை நடப்பில் இருந்தது. மொழி ஒன்று, மறைநூல் ஒன்று. ஆயினும் ஒரு கரையில் விழா, மறுகரையில் தண்டம். சட்டம் நீங்கிய பின்னரும் மக்கள் மனத்தயக்கம் நெடுங்காலம் நீங்கவில்லை. அம்மாநிலம் அந்நாளைப் பொது விடுமுறையாக ஏற்றது 1856ஆம் ஆண்டில்தான்.

சொற்பொருள்
கேளிக்கை – களியாட்டம்
தொழில் பழகுநர் – பணியிடத்தில் தொழில் கற்பவர்
தண்டம் – அபராதம்

வினாக்கள்
1. தூய்மைவாதிகள் திருநாள்களை நீக்கக் காரணங்கள் யாவை?
2. மாதம் ஒரு நாள் ஓய்வு கிடைத்தும் கேண்டர்பரி மக்கள் சினந்தது ஏன்? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
3. பிரித்து எழுதுக: சினந்தெழுந்தனர், அவ்வாணை.