கைபேசி எண்ணும் அதன் காவலும்

அகத்திணைச் செய்யுள் பயிலப் புகுவார் முதற்கண் அறியும் மரபுகளுள் ஒன்று, அகப்பாட்டில் தலைவன் தலைவியர்தம் இயற்பெயர் சுட்டப்படுதல் இல்லை என்பதாம். புறப்பாட்டில் வேந்தன் பெயரும் ஊரும் குடியும் விளங்கக் கூறலாம்; கூறுதலே அதற்கு அழகு. அகத்திலோ அங்ஙனம் பெயர் கூறின் அஃது அகமாகாது, புறமாய்விடும். ஒருவர்தம் வாழ்க்கையில் உலகறியக் கூறத்தக்கது இது, ஊரார் வாய்க்கு இரையாகாமற் காக்கத்தக்கது இது என நம் முன்னோர் இட்ட எல்லைக்கோடு அது. இதனை முதலாண்டிலேயே கற்ற யாம் அக்கோட்டினை ஒரு தாளிலே அழித்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு தமிழ் மன்றத்துச் சொற்போட்டிக்குப் பெயர் கொடுத்தோர் பட்டியலை எழுதும் பணி எம்பால் வந்தது. பெயர், வகுப்பு, கைபேசி எண் என மூன்று பத்தி வகுத்து, இருபத்தேழு பேர் விவரங்களை அழகிய கையெழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். (அழகிய என்றது எம் தற்பெருமை, பொறுத்தருள்க.) போட்டி முடிந்து மூன்று கிழமை வரை அத்தாள் அங்கேயே இருந்தது. எவரோ அதனைப் படம் பிடித்துச் சென்றார். பட்டியலில் ஒன்பதாவதாக நின்ற தோழியார் ஒருவர்க்கு நள்ளிரவில் அழைப்புகள் வரத் தொடங்கின. எடுத்தால் எவரும் பேசார். எடாவிடின் வாயாற் கூறலாகாத செய்திகள் வரும். ஓர் எண்ணைத் தடுத்தால் மற்றோர் எண்ணிலிருந்து வரும். செய்தி ஊரிலிருந்த அவர்தம் தந்தையார் செவிக்கு எட்டிற்று. அவர் அழைத்தவனைக் கடியவில்லை. மகளின் படிப்பையே நிறுத்திவிடக் கருதிக் கல்லூரிக்கு வந்துவிட்டார். ஆசிரியர் ஒருவர் இரண்டு மணி நேரம் உடனிருந்து பேசியதனால் படிப்பு நின்றிலது, அவ்வெண்தான் நின்றது.

பத்து இலக்கங்களில் இத்துணை வலிமை எங்ஙனம் வந்து புகுந்தது? எண்ணைக் கண்டாலே வெளிப்படுத்தின விசேஷத்தைப் புரட்டும் பெரியோர் சிலரை யாம் அறிவோம். அவரோடு யாம் சேரேம். எனினும் தொலைபேசி எண்ணின் வரலாறு வியப்பிற்குரியதே. பெல் என்பார் தொலைபேசிக்கு உரிமைப் பட்டயம் பெற்றது 1876-இல். 1878 பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்த முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே தாள். ஏறத்தாழ ஐம்பது பெயர்கள். எண் ஒன்றேனும் இல்லை. இணைப்பகத்தில் இருப்பவரிடம் இன்னாரை அழையும் என்று பெயர் கூறினாற் போதும். மறு ஆண்டு மாசச்சூசெட்ஸ் நாட்டு லோவெல் நகரில் மணல்வாரி அம்மை பரவிற்று. இணைப்பகப் பணியாளர் அனைவரும் படுத்துவிடின், புதிதாய் வருவோர் இன்னார் கம்பி இன்னதென எங்ஙனம் அறிவர் என்று கவன்ற பார்க்கர் என்னும் மருத்துவரே பெயருக்கு ஈடாக எண் வழங்கலாமென யோசனை கூறினர் என்பர். ஆகவே எண் பிறந்தது, ஆளை அறியாதாரும் பணி செய்தற்பொருட்டு. எண்ணைக் கண்டு ஆளை அறிதற்பொருட்டன்று. பிறப்பின் நோக்கமும் இன்றைய நிலையும் இவ்வாறு தலைகீழாயின.

1882-இல் சென்னையிலும் இணைப்பகம் ஏற்பட்டது. அதன்பின் நெடுங்காலம் சந்தாதாரர் பெயரும் முகவரியும் எண்ணும் தடித்த புத்தகமாய் அச்சாகி இல்லந்தோறும் வந்துகொண்டிருந்தன. அக்காலத்து எவரும் அஞ்சிலரே, இப்போது மட்டும் ஏன் அஞ்சுதல் வேண்டும் எனின், கூறுவாம். அவ்வெண் வீட்டின் எண். ஆளின் எண் அன்று. மணி கூடத்தில் ஒலிக்கும், பாட்டியார் எடுப்பர், யார், எங்கிருந்து, என்ன வேண்டும் என்ற மூன்று வினாக்களைத் தாண்டியே அழைத்தவன் அடுத்தவரை அடைதல் கூடும். பாட்டியாரினும் சிறந்த காவற்பொறியை எக்குழுமமும் இன்னும் செய்திலது. கைபேசியோ தலையணை அடியிலே கிடக்கின்றது.

அழைப்பவர் எண்ணைத் திரையிற் காட்டும் முறை அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் பரவலாயிற்று. துன்புறுத்துவோனை இதனால் அறியலாமென ஒரு சாரார் மகிழ்ந்தனர்; கணவன் கொடுமைக்கு அஞ்சிப் புகலிடம் புக்க பெண், தன் இருப்பிடம் வெளிப்படுமென அஞ்சி வீட்டிற்குப் பேசவும் இயலாளே என மற்றொரு சாரார் வாதித்தனர். இரண்டும் மெய்யே. பென்சில்வேனியாவில் 1990-இல் நீதிமன்றமே இம்முறை சட்டத்திற்கு மாறானதெனத் தீர்ப்பளித்தது. ஈற்றில் அந்நாட்டார் ஒரு நடுவழி கண்டனர்: எண்ணிற்கு முன்னர் *67 எனத் தட்டின் அவ்வோரழைப்பிற்கு மட்டும் தன் எண் மறையும். பிரிட்டனில் 141. அவசர உதவிக்கு அழைக்குங்கால் இம்மறைப்புச் செல்லாது; கட்டணமில்லா எண்களை அமெரிக்காவில் அழைப்பினும் அவ்வாறே.

இவற்றைக் கேட்டு நம்மவர் சிலர் #31# எனத் தட்டிப் பார்க்கின்றனர். அக்குறி கைபேசித் தொழில்நுட்பத்தில் உள்ளதே. ஆயின் இந்தியாவில் எண்ணை மறைத்தழைக்கும் வசதி பொதுச் சந்தாதாரர்க்கு வழங்கப்படுவதில்லை. ஆதலின் அதனை நம்பி அழைத்தல், மணலிற் கயிறு திரித்தலாம். இதுபற்றி யாம் குறைகூறேம். அவ்வசதி எல்லார்க்கும் இருந்திருப்பின், எம் தோழியாரை அலைக்கழித்தவனுக்கும் அஃது இருந்திருக்கும்.

நிற்க. எண் ஆளோடு ஒட்டிய கதையைச் சிறிது பார்ப்போம். 2011 சனவரி முதல் நாடெங்கும் நிறுவனத்தை மாற்றினும் எண்ணை மாற்ற வேண்டுவதில்லை என்றாயிற்று. பெரும் வசதிதான், அதனால் ஒருவர் எண் அவர் பெயர்போல் வாழ்நாள் முழுதும் உடன் வருவதாயிற்று. 2016-இல் யூ.பி.ஐ. முறை வந்தது. எம் எண்ணையே நண்பர் ஒருவரின் பணச்செயலியில் இட்டுப் பார்த்தோம்: வங்கியில் எழுதிய எம் முழுப்பெயர், தந்தையார் பெயரின் முதலெழுத்தோடும், இமைப்பொழுதில் வந்து நின்றது. காசு ஒன்றும் அனுப்பவில்லை. சுவீடன் நாட்டில் 2009-இல் தோன்றிய ட்ரூகாலர் செயலி பிறர்தம் தொடர்பேட்டிலுள்ள பெயர்களைக் கொண்டும் வளர்ந்தது. நாம் அச்செயலியைத் தீண்டாதிருப்பினும், நம்மை எவரேனும் குறித்துவைத்த பெயரால் நாம் ஆங்கே வழங்கப்படலாம். நீக்குமாறு அதன் இணையதளத்தில் வேண்டிக்கொள்ள வழியுண்டு. பத்து இலக்கம் கையிற் கிடைத்தவனுக்குப் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தவனுக்கு முகப்படம் கிடைக்கும். பின்னர் ஊரும் தெருவும் எட்டாத் தொலைவின அல்ல.

இனிச் செய்தி அனுப்பும் முறைகளிற் சில கூறுவாம். வாட்ஸ்அப் குழுவிற் சேர்வார், குழுவிலுள்ள அனைவர்க்கும் தம் எண்ணைக் கொடுத்தவராவர். இருநூறு பேர் கொண்ட வகுப்புக் குழுவும் யாம் ஒட்டிய தாளும் இவ்வகையில் ஒன்றே, தாளையாவது கிழிக்கலாம். அறிவிப்புக் கூறுவதே கருத்தாயின் 2023-இல் அந்நிறுவனம் கொணர்ந்த சேனல் முறை நன்று. அதில் தொடர்வார் எண் பிற தொடர்வார்க்குத் தெரியாது. டெலிகிராமில் எம் எண்ணை யார் காணலாம் என்னும் வினாவிற்கு எவரும் வேண்டா என விடை தரலாம். பலர் அதனோடு அமைந்துவிடுகின்றனர். எண்ணை முன்னரே அறிந்தவர் அதனைக்கொண்டு எம்மைக் கண்டுபிடிக்கலாமா என்னும் இரண்டாம் வினா அதன்கீழ் உண்டு. அதற்கும் விடை தரல் வேண்டும். சிக்னல் செயலி 2024 பெப்ரவரியில் பயனர் பெயர் வழங்கத் தொடங்கிற்று. பதிவு செய்தற்கு எண் வேண்டும்; உரையாடற்கு வேண்டா; நம் எண்ணைத் தம் ஏட்டில் வைத்திராதவர்க்கு அது தோன்றவும் தோன்றாது. புனைபெயரில் எழுதும் புலவர் மரபினர்க்கு இது உவப்பாகும்.

வாடகை வண்டிச் செயலிகளிற் பல கையாளும் முறையும் அறியத்தக்கது. பயணியும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் நேரே அழைப்பதில்லை. நிறுவனத்தின் இடைநிலை எண் ஒன்று இரு அழைப்புகளையும் நடுவில் நின்று இணைக்கும். பயணம் முடிந்தபின் அவ்விணைப்பு அறும். பண்டைத் தோழி தூது சென்று மீண்டதுபோல. ஆயின் இறங்குங்கால், எண்ணையே தலையிற் கொண்ட யூ.பி.ஐ. முகவரியிலிருந்து கூலியை அனுப்பின், மறைத்ததெல்லாம் வெளிப்படக் கூடும். எண் கலவாத வேறு முகவரி அமைத்துக்கொள்ளப் பல செயலிகள் இடந்தருகின்றன. ஐந்து நிமிட வேலை.

கடைகளில் பொருள் வாங்குங்கால் எண் சொன்னால்தான் பில் போட முடியும் என்பார் உளர். வாங்குவோரை எண் தருமாறு வற்புறுத்தலாகாதென நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்தில் வணிகர் சங்கங்கட்கு அறிவுறுத்தியுள்ளது. யாம் ஒருமுறை இதனைப் பணிவோடு எடுத்துக் கூறினோம். பில் வந்தது, பின்னால் நின்றோர் முகஞ்சுளித்ததும் உண்மை.

புதிய எண் வாங்கிப் பழையதைக் கைவிட்டாற் போதாதோ என்பார்க்குத் தோழியாரின் அநுபவமே விடை. எண்ணை நிறுத்திய பின்னரே, உதவித்தொகை விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் அப்பழைய எண்ணோடு கட்டுண்டு கிடந்தமை அவர் நினைவிற்கு வந்தது. ஓ.டி.பி. எல்லாம் செத்த எண்ணிற்குச் சென்றன. வங்கிக்கு மூன்று முறை நடந்தார். நிறுத்தப்பட்ட எண் தொண்ணூறு நாள் கழிந்தபின் வேறொருவர்க்கு வழங்கப்படலாம். அவர் கைபேசியில் நம் மறைபொருள் போய் விழும். ஆகவே கணக்குகளை முதலில் மாற்றுக. எண்ணை ஈற்றில் விடுக. இயலுமாயின் வங்கிக்கும் வீட்டிற்கும் ஓரெண்ணும், விண்ணப்பம் விளம்பரங்கட்கு வேறோரெண்ணும் வைத்தல் நலம். இரண்டாவது சிம்மிற்கும் ரீசார்ஜ் வேண்டுமே என்னும் விடுதி மாணவர் குரல் எமக்கும் கேட்கின்றது.

குற்றமற்றவன் எண்ணை ஏன் மறைத்தல் வேண்டும் என்று நண்பர் ஒருவர் வினவினார். அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒன்பது நீதிபதிகள் கூடிய உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்ததை அவர்க்குக் கூறினோம், அவர் அசையவில்லை. பின்னர்த் தலைவியின் பெயரைப் புலவர் கூறாதது அவள் குற்றவாளி என்பதனாலோ என்றோம். சற்றே சிந்தித்தார். உண்மையில் மறைத்தல் வேறு, கொடுத்தற்குரியார் கையில் விடுத்தல் வேறு. யாம் செய்த பிழை இதுவே: தோழியார் தம் எண்ணை மன்றத்திற்குத் தந்தார், யாம் அதனைச் சுவருக்குத் தந்தோம். ஒருவர் எண்ணை அவரைக் கேளாது மற்றொருவர்க்கு அனுப்பும் போதெல்லாம் நாம் செய்வதும் அதுவே. எத்துணைச் செயலிகளில் அவர் தம் எண்ணை மறைத்திருப்பினும் நம் ஒரு விரலசைவில் அனைத்தும் வீணாம்.

இவ்வாண்டுப் பட்டியலையும் எம்மையே எழுதச் செய்தனர். பெயரும் வகுப்பும் மட்டும் பலகையில் நின்றன. எண்கள் மன்றச் செயலாளரின் குறிப்பேட்டில் இருந்தன; போட்டி முடிந்த மாலை அத்தாளைக் கிழித்தோம். தோழியார் மீண்டும் பெயர் கொடுத்திருந்தார். எண் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அவர்தம் புதிய எண் எமக்குத் தெரியாது. யாம் கேட்டதும் இல்லை. பாட ஐயம் ஏதேனும் இருப்பின், நூலகத்துப் படிக்கட்டிற் காணும்போது பேசிக்கொள்கின்றோம்.