தூரிகையும் துணிவும்



ஓவிய வகுப்பில் "இயற்கைக் காட்சி ஒன்று வரைக" என்றதும் நம் கைகள் என்ன வரைகின்றன? இரண்டு மலைகள், அவற்றின் நடுவே உதிக்கும் கதிரவன், கீழே ஓர் ஓடை, ஒரு குடிசை, ஒரு தென்னை. நாற்பது பேரின் தாள்களை அடுக்கிப் பார்த்தாலும் படம் ஒன்றுதான். ஆனால் நம் வன்னியம்பட்டியில் நின்று பாருங்கள். மலை மேற்கே இருக்கிறது. கதிரவன் அதன் பின்னே மறைவானே தவிர, ஒருநாளும் அங்கிருந்து உதிப்பதில்லை. நாள்தோறும் காண்பதை விட்டுவிட்டு, எவரோ வரைந்ததையே நாம் வரைகிறோம்.

கண்ணால் கண்டதை வரைவதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவு பெற்றிருந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அம்ரிதா ஷேர்கில் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். புகைப்படக் கலையில் வல்லவர். தாய் மரி அந்துவானெத் ஹங்கேரியப் பாடகி. இந்திரா என்று ஒரு தங்கையும் உண்டு. 1921-இல் குடும்பம் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. 1924-இல் அம்ரிதா தாயுடன் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குச் சென்று சில மாதங்கள் தங்கினார்.

மகளின் திறமையை உணர்ந்த பெற்றோர் 1929-இல் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்றனர். அப்போது அவருக்கு வயது பதினாறு. அங்கே லூசியன் சிமோன் என்னும் ஓவிய ஆசிரியரிடம் பயின்றார். மனித உடலின் அமைப்பையும், ஒளியும் நிழலும் விழும் முறையையும், எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் நுட்பத்தையும் ஆண்டுக்கணக்கில் பழகினார். 1932-இல் தீட்டிய 'இளம் பெண்கள்' என்ற ஓவியம் மறுஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. தங்கை இந்திராவும் ஒரு பிரெஞ்சுத் தோழியும் அமர்ந்திருக்கும் படம் அது. இருபது வயதில் அவ்வமைப்பின் துணை உறுப்பினர் ஆனார். ஆசியர் எவருக்கும் அதற்குமுன் கிட்டாத சிறப்பு இது.

திரும்பி வந்தது ஏன்?

பாரிஸிலேயே தங்கியிருந்தால் பேரும் புகழும் தாமாகவே வந்திருக்கும். ஆனால், ஓவியர் என்ற முறையில் தம் வாழ்வு இந்தியாவில்தான் என்று அவர் உள்ளம் சொல்லிக்கொண்டே இருந்தது. 1934-ஆம் ஆண்டின் இறுதியில் நாடு திரும்பினார்; சேலை உடுத்தத் தொடங்கினார்; மலைநாட்டு ஏழை மக்களை வரையலானார்.

1935-இல் 'மூன்று பெண்கள்' உருவாயிற்று. மூன்று இளம் பெண்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, பார்வை தாழ்ந்திருக்கிறது. பின்னால் வீடும் இல்லை, மரமும் இல்லை. தங்கள் வாழ்வைப் பிறர் முடிவு செய்யக் காத்திருப்பவர்களைப்போல் தோன்றுகிறார்கள். பாரிஸில் வரைந்த 'இளம் பெண்கள்' படத்தில் அவர் கற்ற கல்வி தெரிகிறது. இதிலோ அவர் கண்ட வாழ்க்கை தெரிகிறது. 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கம் இதற்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

பரிசைத் திருப்பிய கை

அதே 1935-இல் சிம்லாக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் அனுப்பினார். நடுவர்கள் ஐந்தைத் திருப்பிவிட்டு, ஏற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பரிசு அறிவித்தார்கள். அம்ரிதா அப்பரிசை வாங்க மறுத்தார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு செருக்கா என்று பலர் முகம் சுளித்தனர். அவர் பிடிவாதக்காரர்தாம், பிறர் ஓவியங்களைக் குறைகூறும்போது சொல்லில் கடுமையும் இருந்தது. ஆனால் தம் உழைப்பின் மதிப்பைத் தாமே அறிந்திருந்தார். "கறுத்த முகங்கள், சோகமான முகங்கள், அழகாக எதையேனும் வரையக் கூடாதா?" என்பதே அவரைச் சுற்றி எழுந்த பேச்சு. அதற்காக அவர் தம் வண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தென்னாட்டுப் பயணம்

1936-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அஜந்தா, எல்லோரா, ஐதராபாத் வழியாகத் திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி வரை வந்தார். அஜந்தாக் குகைச் சுவர்களில், தேவையற்ற ஒரு கோடும் இல்லாத உருவங்களைக் கண்டு வியந்தார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர் ஓவியங்களை அமர்ந்து படியெடுத்தார். வழியெங்கும் மக்களின் கரிய மேனியையும் அமைதியான நடையையும் மனத்தில் பதித்துக்கொண்டார்.

சிம்லா திரும்பி 1937-இல் மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்பவை அவை. எண்ணெய் வண்ணம் ஐரோப்பா தந்தது, உருவ எளிமை அஜந்தா தந்தது, முகங்களோ நம்முடையவை. உலகெங்கும் கற்றதை அவர் தம் மக்களைப் பார்க்கும் கண்ணாக மாற்றிக்கொண்டார். அவருடைய பயணங்களின் பயன் இதுவே.

முடிவும் புகழும்

1938-இல் மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். 1941-இல் லாகூரில் குடியேறி ஒரு கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது திடீரென நோயுற்று, டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார். வயது இருபத்தெட்டுதான். அக்கண்காட்சி அவர் மறைந்தபின் நடந்தது.

வாழ்ந்த காலத்தில் அவர் படங்களை வாங்கியவர் சிலரே. கணவரும் தந்தையும் அளித்தவை உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று புதுடில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் உள்ளன. 1978-இல் அவரது 'மலைப் பெண்கள்' ஓவியம் அஞ்சல் தலையாக வெளிவந்தது. 2023-இல் 'கதை சொல்பவர்' என்ற படம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அதுவரை இந்திய ஓவியம் எதற்கும் கிட்டாத விலை அது. அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட அதே கரிய முகங்கள், நாட்டின் கலைச் செல்வங்களாயின.

மாணவியரே, நம் வண்ணப் பெட்டியில் இளஞ்சிவப்புக் குச்சி ஒன்று இருக்கிறது. அதை நாம் "தோல் நிறம்" என்கிறோம். யாருடைய தோலின் நிறம் அது? ராஜபாளையம் சந்தையில் மாம்பழக் கூடையுடன் அமர்ந்திருக்கும் பாட்டியின் நிறமா? காலை வேளையில் பஞ்சாலைக்கு விரையும் அக்காளின் நிறமா? நம் அன்னையின் நிறமா? அம்ரிதா பழுப்புக் குச்சியை எடுத்திருப்பார். நாமும் எடுப்போம்.

செய்து பார்க்க:

1. மாலை ஆறு மணிக்கு மேற்கே நோக்கி, காணும் மலையை அவ்வண்ணமே வரைக.

2. வேலையில் இருக்கும் உன் தாயையோ பாட்டியையோ பத்து நிமிடம் உற்றுநோக்கி, பின் வரைக. முகத்தின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவர எந்தெந்த வண்ணங்களைக் கலந்தாய்?

3. பரிசை மறுத்த அம்ரிதாவின் செயல் சரியா? வீட்டாருடன் கலந்து பேசி, உன் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.