பழைய லீஃபும் அதன் பற்றறியும்

நம்பிக்கை: “பற்றறி இறங்கினால் கார் முடிஞ்சுது. முழுசா மாத்தோணும், இல்லையெண்டால் பழைய இரும்புக்குத்தான்.”

உண்மை: யப்பானில் பாவித்துவிட்டு இங்கே இறக்கிய முதல் தலைமுறை நிசான் லீஃப் மின்கார் பற்றி நல்லூர்ப் பக்கம் இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த 24 கிலோவாட் மணிப் பற்றறி ஒரே கட்டியல்ல. உள்ளே 48 மொடியூல்கள். ஒவ்வொன்றிலும் 4 செல்களாக மொத்தம் 192. இவை எல்லாம் ஒன்றாகக் கெடுவதில்லை. சோர்ந்துபோன சில மொடியூல்களே முழுத் தொகுதியையும் முடக்கிவிடுவதுண்டு. அவற்றை அளந்து கண்டுபிடித்து, மற்றவற்றோடு வலு ஒத்தவற்றைப் போட்டால் கார் இன்னும் ஓடும். வலு பாராமல் புதிதாக ஒன்றைச் செருகினால் மட்டும் போதாது.

இது ஆகாத வேலை என்று கம்பனி சொல்ல முடியாது. நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்தும் 4ஆர் எனர்ஜி, 2018இல் புக்குஷிமா மாகாணத்து நமியேயில் ஆலை திறந்தது. பழைய பற்றறிகளைப் பிரித்து, நல்ல மொடியூல்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கி, 3 இலட்சம் யென்னுக்குக் கொடுத்தது. அப்போது புதியதன் விலை 6.5 இலட்சம் யென். யப்பானிய வாடிக்கையாளருக்குச் செய்ததை, அதே கார் கடல் கடந்து வந்தபின் செய்யாமல் விடுவது நியாயமல்ல.

நம்பிக்கை: “எங்கட வெய்யில்தான் காரணம். கம்பனியைக் குறை சொல்லேலாது.”

உண்மை: வெய்யில் பற்றறியைத் தின்னும், சரி. ஆனால் இந்த லீஃப் பற்றறிக்குத் திரவக் குளிரூட்டல் வைக்காதது உற்பத்தியாளர் எடுத்த முடிவு. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாவில் வெக்கையால் கொள்ளளவு குறைந்தபோது உரிமையாளர்கள் விடாமல் கேட்டார்கள். பிறகுதான் நிசான் அங்கே 5 ஆண்டு அல்லது 60,000 மைல் உத்தரவாதம் கொடுத்தது: முகப்பில் பற்றறியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் 9க்குக் கீழே போனால் கம்பனியே சரிசெய்யும். கேட்டவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் இறக்குமதியாளர் வழியாகக் கைமாறி வந்த காருக்கு அந்தப் பொறுப்பு தொடர்வதில்லை.

நம்பிக்கை: “12 கோடும் நிக்குது, பற்றறி நல்லம்.”

உண்மை: காரின் கணினியை மீளமைத்தால் தேய்ந்த பற்றறியும் சில காலம் 12 கோடு காட்டும். அழிக்க முடியாத பற்றறி வரலாற்றை உரிமையாளர் பார்க்கும்படி வைப்பது உற்பத்தியாளரின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி 18 முதல் விற்பனைக்கு வரும் மின்வாகனப் பற்றறிகளுக்கு, அவற்றின் விவரங்களைப் பதியும் மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயம். எங்கள் வீதிகளில் ஓடும் பழைய கார்களுக்கு அதனால் பயனில்லை. அவற்றுக்கு வேண்டியவை மொடியூல் உதிரிகளும், திறந்த தரவும், ஊர்க் கராஜ்காரருக்குப் பயிற்சியும். 350 வோல்ற்றுக்கு மேல் மின்சாரம் நிற்கும் பெட்டியை யாரும் பழகாமல் திறக்கக் கூடாது.

பழைய லீஃப் வாங்குகிறவர்கள் கோடுகளை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். ‘லீஃப் ஸ்பை’ செயலியை இணைத்து 96 செல் சோடிகளின் வோல்ற்றளவையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.